நாலாயிரத்துக்குக் கீழே

சீட்டு நடத்திய தேசிங்கு கைவிரித்தபோது
பணத்துக்குப் பதிலாக எனக்கு வந்தது
ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்.
அறுபத்தெட்டாம் வருடத்து வண்டி.
முன்பக்கம் முழுதும் ஒரே மூடியாய்
முதலை வாய்போல் திறக்கும்.
உள்ளே மூன்று சிலிண்டர் பேசும், ஒன்று இருமும்.

முதலியார்பேட்டையில் அமலோற்பவநாதன் பட்டறை.
எஞ்சினைப் பிரித்து, பழைய கேம்ஷாஃப்டை
தினத்தாளின் வரன் தேடும் பக்கத்தில் கிடத்தினார்.
எட்டு மேடுகளில் ஆறாவது
முக்கால் மில்லி தேய்ந்திருந்தது.
"இதுதாம்மா இருமல்" என்றார்.
மைக்ரோமீட்டரை என்னிடமே நீட்டினார்,
கணக்கில் சந்தேகப்படுகிறவளுக்கு நீட்டுவதுபோல.

பக்கத்தில் புதிதாய் இரண்டு,
கோயம்புத்தூரில் கடைந்து வந்தவை.
ஒன்று இருநூற்று ஐம்பத்தாறு டிகிரி.
மற்றது இருநூற்று எண்பத்தெட்டு.
கண்ணுக்கு இரண்டும் ஒன்று.
விரலை ஓட்டிப் பார்த்தால்தான்
இரண்டாவதன் மேடு சற்று அகன்று
இறங்க மனமில்லாமல் இறங்குவது தெரியும்.

அமலோருக்கு எண்பத்தெட்டின்மேல் ஆசை.
"நாலாயிரம் சுத்து வரைக்கும் தூங்கும்.
அதுக்கு மேல பாருங்க" என்றவர்
மிச்சத்தைச் சொல்லாமல்
கிரீஸ் கையை மட்டும் கூரைவரை உயர்த்தினார்.

அந்தத் தண்டில்
புகை போகும் வால்வு மூடுவதற்கு வெகுமுன்பே
காற்று வரும் வால்வு திறந்துவிடும்.
போகிறவரும் வருகிறவரும்
வாசலில் தோள் இடித்துக்கொள்ளும் நேரம் கூடுதல்.
வேகத்தில் அதுவே பலம்.
நின்றால் தடுமாற்றம்.
ஐடிலில் வண்டி
நொண்டியடித்துக்கொண்டே நிற்கும்.

நான் ஓட்டப்போகும் ரோடு எனக்குத் தெரியும்.
மரப்பாலம் சிக்னலில் மூன்று முறை சிவப்பு.
நெல்லித்தோப்பில் மீன் வண்டிகளின் பின்னால்
இரண்டாம் கியர்.
அரியாங்குப்பம் பாலத்தில்
முப்பதைத் தாண்டினால் அன்று திருவிழா.
இதில் நாலாயிரத்தை எங்கே போய்த் தொடுவேன்?

இருந்தும் உடனே சொல்ல வரவில்லை.

என் வேலை காது.
கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து
"சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்துங்க" என்பேன்,
பன்னிரண்டு வருடமாய்.
போன ஆடியில், யாரும் வராத ஒரு மத்தியானம்
நானே உள்ளே போய் உட்கார்ந்தேன்.
பயிற்சிக்கு வந்த ஜெசிந்தா
ஒன்றும் பேசாமல் காகிதத்தை நீட்டினாள்.
வலது காதின் கோடு சமதளம்.
இடது காதின் கோடு
நாலாயிரம் ஹெர்ட்ஸில் கிணற்றில் இறங்கி
எட்டாயிரத்தில் ஏறியிருந்தது.

அந்த நாலாயிரம் வேறு, இந்த நாலாயிரம் வேறு.
அது நொடிக்கு, இது நிமிடத்துக்கு.
தெரியும். பாடம் நடத்துகிறவள் நான்.
ஆனாலும் அமலோர் அந்த எண்ணைச் சொன்னபோது
இடது காதைத் தொட்டுக்கொண்டேன்.
என் காது தூங்கும் இடத்தில்
ஓர் இரும்பு விழித்துக்கொள்ளும் என்றால்
வாங்கிவிடலாம் என்றுகூட இருந்தது,
யார் மேலோ பழி தீர்ப்பதுபோல.

டீ வந்தது. ஆறியது.
"ஐம்பத்தாறு" என்றேன்.
அமலோர் முகத்தில் எட்டு மேடும் தேய்ந்தன.
மற்றதை எண்ணெய்த் தாளில் சுற்றினார்,
பிரித்துக் காட்டிய சேலையை
மறுபடி மடிக்கிறவர்போல.

பதினெட்டு நாள் கழித்து முதல் ஸ்டார்ட்.
புது மேடுகளில் கறுப்புக் களிம்பு.
இருபது நிமிடம் ஐடிலுக்கு விடக்கூடாதாம்.
இரண்டாயிரத்திலேயே பிடித்திருக்க வேண்டுமாம்.
விட்டால் மேடும் அதில் ஏறி இறங்குவதும்
ஒன்றையொன்று தின்றுவிடுமாம்.
எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.
நான் பிடித்திருந்தேன்.
கேட்டால் அழுத்தச் சொல்கிறவள்
அழுத்திக்கொண்டே கேட்டேன்.
நான்கும் பேசின.

பதினோராவது நிமிடம்
இடது பக்க ஜன்னலில் குனிந்து
அமலோர் ஏதோ சொன்னார்.
ஆயில் பிரஷரைப் பற்றியா,
பாக்கிப் பணத்தைப் பற்றியா,
பிடிபடவில்லை.
தலையாட்டினேன்.
அவரும் ஆட்டினார்.